மலைப்பாதையில் நோயாளியுடன் பயணம்: ஜீப்பிலுள்ள கனமான கருவிகளைக் கட்டி வைப்பது ஏன் அவசியம்?

மருத்துவமனைக்குப் புறப்படும்போது மருத்துவக் கோப்பு, மருந்துச் சீட்டு, மாற்றுடை, தண்ணீர் ஆகியவற்றை எடுத்துக்கொண்டோமா என்று ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்க்கிறோம். நோயாளி அமரும் இருக்கைக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. மலைக்கிராமங்களிலிருந்து வரும் ஜீப்புகளில் ஜாக்கி, இழுவைச் சங்கிலி, இரும்புக் கொக்கிகள், ஸ்டெப்னி, எரிபொருள் கேன் ஆகியவை எப்போதும் இருக்கும். சேற்றில் சிக்கிய வண்டியை மீட்க அவை தேவை. ஆனால் கட்டப்படாமல் கிடந்தால், ஒரு திடீர் நிறுத்தத்தில் அவையே உயிருக்கு ஆபத்தாக மாறக்கூடும். இந்த ஆபத்து எப்படி ஏற்படுகிறது, அதைத் தவிர்க்க நீங்கள் என்ன செய்யலாம் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

சுருக்கமாக

• கனமான பொருள் எதுவாயினும் அது தரைமட்டத்தில், இருக்கையின் முதுகுப்பகுதியை ஒட்டி, உறுதியான பட்டையால் கட்டப்பட்டிருக்க வேண்டும்.
• எண்ணெய், கிரீஸ் படிந்த கருவிகளையும் எரிபொருளையும் ஆக்சிஜன் சிலிண்டருடன் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது.
• உட்கார இயலாத நோயாளியைக் கருவிகளுக்கு அருகில் படுக்க வைத்து அழைத்துச் செல்லாதீர்கள். 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

இந்தக் கேள்வி இப்போது ஏன் எழுகிறது?

2022ஆம் ஆண்டு செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிர மாநிலம் பால்கர் மாவட்டத்தில் நடந்த கார் விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். பின்னிருக்கையில் இருந்த அவரும் உடன் பயணித்த மற்றொருவரும் சீட் பெல்ட் அணிந்திருக்கவில்லை எனக் காவல்துறை தெரிவித்தது. அதன் பிறகு பின்னிருக்கைப் பயணிகளின் பாதுகாப்பு நாடெங்கும் விவாதிக்கப்பட்டது. அதற்கான விதி முன்பே இருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138ஆவது விதி, முன்னோக்கி அமைந்த பின்னிருக்கைகளில் அமர்வோரும் சீட் பெல்ட் அணிய வேண்டும் என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின் கீழ் இதை மீறுவதற்கான அபராதம் 1,000 ரூபாய்.

அந்த விவாதம் இரண்டு செய்திகளை விட்டுவிட்டது. முதலாவதாக, மலைப்பகுதிகளில் ஓடும் பழைய ஜீப்புகள் பலவற்றில் பின்புற இருக்கைகள் முன்னோக்கி அமைந்தவை அல்ல. பக்கவாட்டில் எதிரெதிராக அமைந்த நீள்பலகைகள். சீட் பெல்ட் விதியின் சொற்கள் அந்த இருக்கைகளை எட்டவில்லை. இரண்டாவதாக, அந்த விதி மனிதர்களைப் பற்றியது. அவர்களின் காலடியிலும் முதுகுக்குப் பின்னாலும் கிடக்கும் கருவிகளைப் பற்றியது அன்று. வண்டி மோதும்போது சீட் பெல்ட் அணிந்தவர் தம் இடத்திலேயே நிற்பார். அவருக்குப் பின்னால் கட்டப்படாமல் கிடக்கும் ஜாக்கி நிற்காது. சீட் பெல்ட் தரும் பாதுகாப்பு முழுமை பெற வேண்டுமானால், பொருள்களுக்கும் பெல்ட் வேண்டும்.

திடீரென நிற்கும்போது என்ன நடக்கிறது?

வண்டி நின்றாலும், அதில் கட்டப்படாத பொருள் வண்டியின் முந்தைய வேகத்திலேயே தொடர்ந்து செல்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகத்துக்குச் சமம். அதாவது, மூன்றாவது மாடியிலிருந்து ஓர் இரும்பு ஜாக்கி உங்கள் மீது விழுவதற்கு ஒப்பானது. மலைப்பாதையில் மெதுவாகத்தானே செல்கிறோம் என்று எண்ண வேண்டாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமே, ஒரு மாடி உயரத்திலிருந்து விழும் வேகத்துக்கு நிகரானது. வேகம் இரு மடங்கானால் தாக்கும் ஆற்றல் நான்கு மடங்காகும்.

கட்டுவதற்கும் இதே கணக்குப் பொருந்தும். 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி மோதி அரை மீட்டர் தொலைவுக்குள் நின்றால், அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் சுமார் 20 மடங்கு விசையுடன் முன்னோக்கி இழுக்கும். நீண்ட தண்டு கொண்ட ஹை-லிஃப்ட் ஜாக்கியின் எடை ஏறத்தாழ 13 கிலோ. மோதலின்போது அதைக் கட்டியிருக்கும் பட்டை 260 கிலோ எடைக்கு ஈடான இழுப்பைத் தாங்க வேண்டும். 25 கிலோ எடையுள்ள ஸ்டெப்னிக்கு அது 500 கிலோ. சணல் கயிறும், இருசக்கர வாகனங்களில் பயன்படுத்தும் ரப்பர் கொக்கிக் கயிறும் இதற்குப் போதா. ரப்பர் கயிறு நீண்டு கொடுத்துப் பொருளை வெளியே விடும். அறுந்தால் அதன் கொக்கியே கண்ணைத் தாக்கும்.

நோயாளிக்கு இந்த ஆபத்து ஏன் அதிகம்?

உடல்நலமுள்ளவர் ஆபத்தைக் கண்டால் கையை ஊன்றுவார், தலையைத் தாழ்த்துவார், கம்பியைப் பிடித்துக்கொள்வார். மாவுக்கட்டுப் போட்டவர், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்தவர், மயக்கநிலையில் இருப்பவர், நிறைமாத கர்ப்பிணி ஆகியோரால் அவ்வாறு செய்ய இயலாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்பவருக்குத் தலையில் படும் சிறிய அடியும் உள்ளே இரத்தக்கசிவை உண்டாக்கலாம். எலும்புத் தேய்மானம் உள்ள முதியவருக்குச் சாதாரண மோதலே எலும்பு முறிவில் முடியலாம்.

நோயாளியைப் பின்புறத் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்து அழைத்துவரும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. அப்போது அவருடைய தலை கருவிகளின் மட்டத்திலேயே இருக்கிறது. கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆழியாறிலிருந்து வால்பாறை செல்லும் பாதையில் 40 உள்ளன. மோதல் எதுவும் நிகழாவிட்டாலும், ஒவ்வொரு வளைவிலும் கட்டப்படாத பொருள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகரும். அதன் வழியில் நோயாளியின் தலையோ காலோ இருக்கக் கூடாது.

எப்படிக் கட்டி வைக்க வேண்டும்?

முதலில் குறையுங்கள். அன்றைய பயணத்துக்குத் தேவையில்லாத கருவியை வீட்டிலேயே இறக்கி வையுங்கள். தார்ச்சாலையில் மட்டுமே செல்லப் போகிறீர்கள் என்றால், வின்ச் கம்பிவடமும் கனத்த சங்கிலியும் தேவைப்படா.

கீழே வையுங்கள். கனமானது அடியில், இலகுவானது மேலே. மேற்கூரைத் தாங்கியில் எடையை ஏற்றினால் வண்டி சரிவுகளில் கவிழும் வாய்ப்பு அதிகரிக்கும்.

இடைவெளி விடாதீர்கள். பொருளுக்கும் இருக்கையின் முதுகுப்பகுதிக்கும் இடையில் வெற்றிடம் இருந்தால், அந்த இடைவெளியில் பொருள் வேகத்துடன் வந்து மோதும். ஒட்டி வைத்தால் அந்த வேகம் பிறக்காது. பக்கவாட்டு இருக்கைகள் கொண்ட வண்டியில், கருவிகள் இருக்கும் பகுதிக்கும் பயணிகள் அமரும் பகுதிக்கும் இடையே வண்டிச் சட்டத்துடன் பொருத்திய இரும்புத் தடுப்பு வைப்பது நல்லது.

பெட்டிக்குள் வையுங்கள்; பெட்டியையும் கட்டுங்கள். ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஷேக்கிள்கள், கொக்கிகள், கப்பிகள் ஆகியவற்றைப் பூட்டக்கூடிய உறுதியான பெட்டியில் இடுங்கள். கட்டப்படாத பெட்டி, சிதறிக் கிடக்கும் பல பொருள்களை ஒரே பெரும் பொருளாக்குகிறது, அவ்வளவே.

சரியான பட்டையைப் பயன்படுத்துங்கள். லாரிகளில் சரக்குக் கட்டப் பயன்படும் ராட்செட் பட்டை ஏற்றது. அதன் சீட்டில் தாங்குதிறன் அச்சிடப்பட்டிருக்கும். பொருளின் எடையைப்போல் 20 மடங்குக்குக் குறையாத தாங்குதிறன் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையை வண்டியின் தரையிலோ சட்டத்திலோ உள்ள கட்டு வளையங்களில் மாட்டுங்கள். பிளாஸ்டிக் கைப்பிடியிலும், பை மாட்டும் கொக்கியிலும் மாட்டக் கூடாது. வளையம் எவ்வளவு எடை தாங்கும் என்பதை வாகனக் கையேட்டில் பார்க்கலாம். இழைகள் பிரிந்த பட்டையை மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.

ஆக்சிஜன் சிலிண்டர் உடன் வந்தால்

வீட்டில் பயன்படுத்தும் பி வகைச் சிலிண்டரில் நிரப்பும்போது சுமார் 1,500 லிட்டர் ஆக்சிஜன் உயர் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். அது உருண்டு, வால்வின் மீது ஏதேனும் கனமான கருவி மோதி வால்வு உடைந்தால், வெளியேறும் வாயு சிலிண்டரையே ராக்கெட் போலச் செலுத்தும். ஆகவே சிலிண்டரை மேலும் கீழும் இரண்டு இடங்களில் கட்டுங்கள். பயன்பாட்டில் இல்லாத சிலிண்டரின் வால்வை மூடி, பாதுகாப்பு மூடியைப் பொருத்துங்கள்.

மற்றோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெயுடனோ கிரீசுடனோ சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும். ஜாக்கியிலும் சங்கிலியிலும் கம்பிவடத்திலும் இருப்பது கிரீஸ்தான். எனவே, அவற்றைத் தொட்ட கையால் சிலிண்டர் வால்வைத் திறக்காதீர்கள். சோப்பால் கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே தொடுங்கள். பெட்ரோல், டீசல் கேன்களை நோயாளியுடன் ஏற்ற வேண்டாம். வண்டிக்குள் யாரும் புகைக்கக் கூடாது. சன்னலைச் சிறிதளவு திறந்து வையுங்கள்.

சக்கர நாற்காலியும் கனமான பொருள்தான். மடக்கி, பிரேக் போட்டு, மற்றக் கருவிகளைப் போலவே கட்டுங்கள்.

வழியில் வண்டி சிக்கிக்கொண்டால்

புறப்படும்போது முறையாகக் கட்டப்பட்டிருந்த கருவிகள், பயன்படுத்திய பின் அவ்வாறு திரும்புவதில்லை. சேறு படிந்த கயிறும் கொக்கியும் அவசரத்தில் பின்புறம் எறியப்படுகின்றன. நோயாளியின் நிலை கருதி ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுகிறார். பயணத்தின் மிக ஆபத்தான பகுதி இதுவே. மீண்டும் கட்டுவதற்கு ஆகும் ஐந்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். கட்டியாயிற்றா என்று கேட்கும் பொறுப்பை ஓட்டுநர் அல்லாத ஒருவரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

வண்டியை இழுக்கும்போது நோயாளியை இறக்கி, கயிற்றின் நேர்க்கோட்டிலிருந்து விலகி, கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தொலைவில் அமர வையுங்கள். இறக்க இயலாத நிலையில் அவர் இருந்தால், இழுக்கும் முயற்சியைத் தொடங்காமல் மாற்று வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள். அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், முதுகுவலி உள்ள பராமரிப்பாளர்களும் இக்கருவிகளைத் தூக்கக் கூடாது.

அடிபட்டுவிட்டால்

தலை, கழுத்து, மார்பு அல்லது வயிற்றில் கருவி மோதியிருந்தால், வெளியே காயம் தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தீப்பற்றும் ஆபத்தோ வண்டி உருளும் ஆபத்தோ இல்லையெனில், கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை அசைக்காமல் 108ஐ அழையுங்கள். இரத்தம் வழியும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடியுங்கள். உடலில் குத்தி நிற்கும் பொருளைப் பிடுங்காதீர்கள். நோயாளி உட்கொள்ளும் மருந்துகளை, குறிப்பாக இரத்தம் உறைதலைத் தடுக்கும் மருந்தை, மருத்துவக் குழுவினரிடம் உடனே தெரிவியுங்கள்.

தமிழ்நாட்டில் நிகழும் சாலை விபத்துகளில் காயமடைந்தோருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. திட்டத்தில் இணைந்துள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் இச்சிகிச்சையைப் பெறலாம். உதவிக்கு வருவோரும் தயங்க வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்துடன் உதவுபவருக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கிறது.

புறப்படும் முன் ஒரு சோதனை

பின்கதவைத் திறந்து ஒவ்வொரு பொருளையும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். அசையும் பொருள் எதுவோ, அது கட்டப்படாத பொருள். அதைக் கட்டுங்கள் அல்லது இறக்கி வையுங்கள். அதன் பிறகே நோயாளியை ஏற்றுங்கள்.