முடி உதிர்வும் மார்க்கத்தின் தீர்ப்பும்



தலைமுடி வல்ல இறைவன் வழங்கிய அழகு. அதனைப் பேணிக் கண்ணியப்படுத்துமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். எனவே, முடி கொட்டுகிறதே என்று வருந்துபவரை 'உலக ஆசை பிடித்தவர்' என இகழ்வது முறையன்று.

பனூ இஸ்ராயீல் சமூகத்தின் தொழுநோயாளி, வழுக்கைத் தலையர், பார்வையற்றவர் ஆகிய மூவரின் வரலாறு புகாரி ஷரீபில் உள்ளது. வானவர் வந்து வினவியபோது, வழுக்கைத் தலையர் அழகிய முடியை வேண்டினார், பெற்றார். பின்னர் அவர் இறைக் கோபத்திற்கு ஆளானது முடியை விரும்பியதற்காக அன்று. செல்வம் வந்ததும் பழையதை மறந்து ஏழைக்கு ஈய மறுத்ததற்காகவே.

அவ்வாறாயின் மார்க்கம் தடுப்பது எதனை? மணமான தம் மகளுக்கு அம்மை கண்டு முடி உதிர்ந்துவிட்டதாகவும், ஒட்டுமுடி வைக்கலாமா என்றும் ஒரு தாய் நாயகத்திடம் கேட்டார். ஒட்டுமுடி வைத்துவிடுபவளும் வைத்துக்கொள்பவளும் இறைசாபத்திற்குரியோர் என நாயகம் (ஸல்) எச்சரித்தார்கள். மருந்திடுவதை அவர்கள் தடுக்கவில்லை. பிறர் முடியால் மறைப்பது வேறு. தன் முடியை வளரச் செய்வது வேறு. நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியுள்ளான் என்பதும் நபிமொழியன்றோ!

ஆகவே முதலில் காரணத்தை அறியுங்கள். கடுங்காய்ச்சலுக்கோ பிரசவத்திற்கோ இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிரும் முடி, பெரும்பாலும் சில மாதங்களில் தானே முளைத்துவிடும். இரத்தசோகை, தைராய்டு கோளாறு ஆகியவற்றைக் குணப்படுத்தினாலும் உதிர்வு குறையும். பரம்பரை வழுக்கைக்கு 'மினாக்சிடில்' பூச்சு உண்டு. நிறுத்தினால் பலன் நீங்கிவிடும். 'பினாஸ்டிரைடு' மாத்திரையைக் கர்ப்பிணிகள் உட்கொள்ளலாகாது; வயிற்றிலுள்ள ஆண்சிசுவைப் பாதிக்கும். தன் பிடரி முடியையே எடுத்து நடும் சிகிச்சையும் உண்டு. 2007இல் மலேசியாவின் புத்ராஜெயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகாடமி, உதிர்ந்த இடத்தில் முடி நடுவதை அனுமதித்தது. நட்ட முடி வேரூன்றி வளர்வதால் ஒளுவுக்கும் குளிப்புக்கும் தடையில்லை. புண் ஆறும்வரை என்ன செய்வதென உங்கள் ஆலிமிடம் கேட்டறியுங்கள். தாயத்து, மந்திர எண்ணெய் என்று பணத்தை இறைக்காதீர்கள்.

பெற்றோரே! சவுரி வைத்துக் குறையை மறைத்துப் பெண் காட்டுவது மோசடி. ஆனால் அந்த மோசடிக்கு அவர்களைத் துரத்துவது யார்? முடி குறைவென்று ஸாலிஹான பெண்ணை வேண்டாமெனத் திரும்பும் மாப்பிள்ளை வீட்டாரல்லவா? அல்லாஹ் உருவங்களைப் பார்ப்பதில்லை. உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான் என்ற நபிமொழியை மிம்பரில் கேட்கும் நாம், பெண் பார்க்கும்போது மட்டும் மறந்துவிடலாமா?

மருந்தைத் தேடவும், கிடைத்ததைப் பொருந்திக்கொள்ளவும், பிறர் குறையை இகழாதிருக்கவும் ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.