பனை புல் அன்று

பனையும் தென்னையும் மரங்களே அல்ல, அவை புல்வகை என்னும் கூற்று தமிழில் ஒரு பொது அறிவுத் துணுக்காக நிலைபெற்றுவிட்டது. மேடைப் பேச்சிலும் பனை விதை நடும் விழாக்களிலும் அது தவறாமல் வருகிறது. தாவரவியல் அப்படித்தான் வகைப்படுத்துகிறது, தொல்காப்பியம் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று இரட்டைச் சான்றும் உடன் தரப்படுகிறது. தாவரவியல் அப்படிச் சொல்லவில்லை. தொல்காப்பியம் சொன்னதோ வேறொன்று.

தாவரவியலில் புல் என்பது போயேசி என்னும் குடும்பத்தைக் குறிக்கும். நெல், சோளம், கரும்பு, மூங்கில், அறுகு என ஏறத்தாழ 12,000 இனங்கள் அதில் அடங்கும். பனை, தென்னை, கமுகு, ஈச்சை, பிரம்பு ஆகியவை அரிகேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. அதில் 180க்கும் மேற்பட்ட பேரினங்களும் 2,500க்கும் மேற்பட்ட இனங்களும் உள்ளன. குடும்பங்கள் மட்டுமல்ல, அவற்றுக்கு மேலுள்ள வரிசைகளும் வேறு. புல் போயேலிஸ் வரிசையில் இருக்கிறது. கோரையும் அன்னாசியும்கூட அங்கே உண்டு. பனை அரிகேலிஸ் வரிசையில் இருக்கிறது. அந்த வரிசையில் பனைக் குடும்பத்தோடு இப்போது சேர்த்து வைக்கப்பட்டிருப்பது ஆஸ்திரேலியாவில் மட்டும் வளரும் ஒரு சிறு குடும்பம்தான்.

இந்தப் பிரிவு மரபணு ஆய்வு வந்தபின் ஏற்பட்டதும் அன்று. 1751இல் வெளியான 'ஃபிலாசஃபியா பொட்டானிக்கா' நூலில் தாவரவியலாளர் லின்னேயஸ் தாவர உலகை ஏழு பெரும் குடும்பங்களாகப் பிரித்தார். அவற்றில் புற்கள் ஒன்று, பனைகள் வேறொன்று. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' நூலில் பனைக்குப் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபெர் என்று பெயரிட்டார். அதற்கு அவர் துணைகொண்டது, மலையாளக் கரையின் செடிகொடிகளைப் படங்களோடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்'. மகரந்தத்தாள்களை எண்ணி வகுப்புப் பிரிக்கும் அவருடைய முறைக்குள் பனைகள் அடங்கவில்லை. எனவே நூலின் இறுதியில் தனிப் பின்னிணைப்பாக அவற்றை வைத்தார். பிரம்பில் மட்டும் சறுக்கினார். அது பனைக் குடும்பம் என்பது புலப்படாமல், வெங்காயமும் லில்லியும் இருந்த ஆறு மகரந்தத்தாள் வகுப்பில் சேர்த்துவிட்டார். அந்தச் சறுக்கலிலும் பனை புல்லாகவில்லை.

பனை ஒருவித்திலைத் தாவரம், புல்லும் ஒருவித்திலைத் தாவரம், ஆகவே பனை புல் என்பது அடுத்து வரும் வாதம். முதல் இரண்டு கூற்றுகளும் சரி. முடிவு அவற்றிலிருந்து பிறக்கவில்லை. வெங்காயம், மஞ்சள், இஞ்சி, வாழை, சேனை, ஆர்க்கிட் எல்லாமே ஒருவித்திலைத் தாவரங்கள்தான். வெங்காயத்தைப் புல் என்று எவரும் சொல்வதில்லை. ஒருவித்திலைத் தாவரங்களுக்குள் பனை, புல், வாழை, இஞ்சி ஆகியவற்றின் வரிசைகள் ஒரு கிளையில் நெருங்கி நிற்பது உண்மையே. ஆனால் மரபணு ஒப்பீடுகள் பலவற்றில், அந்தக் கிளையிலிருந்து முதலில் பிரிந்து போவது பனையின் வரிசை. புல்லும் வாழையும் அதன்பின் பிரிகின்றன. அந்தக் கணக்கில் புல்லுக்குப் பனையைவிட வாழை நெருங்கிய உறவு. உறவைக் காட்டிப் பனையைப் புல்லாக்குபவர்கள் வாழையையும் இஞ்சியையும் அதற்கு முன்பே புல்லாக்கியிருக்க வேண்டும்.

தண்டைக் காட்டிச் செய்யப்படும் வாதமே இவற்றுள் வலுவானது. தேக்கிலும் வேம்பிலும் பட்டைக்கு அடியில் கேம்பியம் என்னும் வளர்திசு உண்டு. அது உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டைப் பகுதியையும் தொடர்ந்து உண்டாக்குவதால் மரம் ஆண்டுதோறும் பருக்கிறது. பழைய கட்டை நடுவில் வைரமாக இறுகுகிறது. பனையில் கேம்பியம் இல்லை. நீரும் உணவும் செல்லும் குழாய்க் கற்றைகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. விளிம்பை நோக்கி நெருங்கியும் நடுவை நோக்கி விலகியும் இருக்கின்றன. அதனால்தான் பனையில் வைரம் வெளியே, சோற்றி உள்ளே. கூரைக்குச் சட்டம் அறுப்பவர்கள் நடுப்பகுதியைக் கழித்துவிட்டு ஓரத்தை எடுப்பதும் இதனால்தான்.

இதெல்லாம் சரி. ஆனால் இதிலிருந்து புல் எப்படி வருகிறது? நெல்லின் தாளையும் மூங்கிலையும் பிளந்து பார்த்தால் கணுக்களும் கணுக்களுக்கு இடையில் பொள்ளலும் தெரியும். பனந்தண்டில் அப்படிப்பட்ட கணுத் தடுப்பும் இல்லை, பொள்ளலும் இல்லை. வளரும் விதமும் நேர்மாறானது. மூங்கில் முளை தன் முழுப் பருமனோடு மண்ணைவிட்டு வெளிவந்து, கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகள் நீள நீளச் சில மாதங்களில் முழு உயரத்தை எட்டிவிடும். பனைக்கன்று பல ஆண்டுகள் தரையோடு வடலியாகக் கிடந்து, உச்சிக் குருத்தின் அடியை அகலப்படுத்திக்கொண்டு, தண்டுக்குரிய பருமன் வந்த பிறகே மேலே கிளம்புகிறது. அதன் ஒரே வளர்முனை அந்தக் குருத்து. புல்லை மேய்ந்தால் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். பனையின் குருத்தை வெட்டினால் மரம் பட்டுப்போகும். இந்த ஒரு வேற்றுமையைப் பனையேறிகள் எந்த நூலும் படிக்காமல் அறிவார்கள்.

இலையும் பூவும் காயும் இதையே உறுதிப்படுத்துகின்றன. புல்லின் இலை தண்டின் இருபுறமும் மாறி மாறி இரண்டே வரிசையில் நிற்கும். நீண்ட ஒற்றைத் தகடாக இருக்கும். பனையோலை சுருள் வரிசையில் அமைகிறது. குருத்திலேயே மடிப்பு மடிப்பாக உருவாகிப் பிறகு அந்த மடிப்புகளின் வழியே கிழிந்து பிரிகிறது. இப்படி மடிந்து பிரியும் இலை பனைக் குடும்பத்தின் தனி அடையாளங்களுள் ஒன்று. பனம்பூவில் மூன்று புல்லியும் மூன்று அல்லியும் உண்டு. புற்பூவில் அவை அப்படி இல்லை. உமியாக மாறும் செதில்களே அதற்குப் போர்வை. புல்லின் கனி தானியம். அதில் கனியின் தோலும் விதையின் தோலும் ஒட்டிக்கொண்டிருக்கும். பனம்பழமோ சதையும் நாரும் கெட்டியான கொட்டையும் கொண்ட உள்ளோட்டுச் சதைக்கனி. நுங்கு வெட்டும்போது தெரியும் மூன்று கண்களும் மூன்று விதைகளே. நெல்மணியையும் பனங்காயையும் ஒரே குடும்பத்தில் வைப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

பனைக்குக் கிளை இல்லை, மரமென்றால் கிளை வேண்டும் என்பாரும் உண்டு. கிளை மரத்துக்குக் கட்டாயம் அன்று. கிளைக்கும் பனைகளும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவின் டூம் பனையும், இந்தியாவின் மேற்குக் கரையில் டையூ, குஜராத் பகுதிகளில் வளரும் ஹைஃபீனி டைக்காட்டோமாவும் இரண்டிரண்டாகப் பிரிந்து கிளைக்கின்றன. இவை நம் பனையின் துணைக்குடும்பத்தையே சேர்ந்தவை. தென்னையும் கமுகும் வேறொரு துணைக்குடும்பம், பிரம்பு மற்றொன்று. பனையும் தென்னையும் உடன்பிறப்புகள் என்ற பொதுவான எண்ணத்துக்கும் இந்த வகைப்பாட்டில் இடமில்லை.

இனி தொல்காப்பியம். அதன் மரபியல் என்னும் இயல், வெளியே வைரம் உள்ளவற்றைப் புல் என்றும் உள்ளே வைரம் உள்ளவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. உரையாசிரியர்கள் தெங்கையும் பனையையும் கமுகையும் முதல் பிரிவில் வைக்கிறார்கள். தண்டின் கட்டமைப்பை இவ்வளவு கூர்மையாகக் கண்டு ஓர் அளவுகோலாக்கியது பெரிய காரியம். ஆனால் அந்த இயல் வழக்கில் உள்ள பெயர் மரபைச் சொல்வது. ஓலை, மடல், ஈர்க்கு, பாளை, குலை போன்றவை எதன் உறுப்புக்கு வரும், தளிர், சினை, அரும்பு போன்றவை எதற்கு வரும் என்பதே அதன் அக்கறை. அதற்கு அந்தப் பிரிவு மிகப் பொருத்தம். அங்கே வரும் புல் போயேசி அன்று. ஒரே சொல் இருப்பதால் இரண்டும் ஒன்று எனக் கொள்வது இரு துறைகளுக்கும் இழைக்கும் அநீதி. தொல்காப்பியத்தின் பெருமைக்கு லின்னேயஸின் ஒப்புதல் தேவையில்லை. தாவரவியலைத் திரித்துத்தான் அதைக் காக்க வேண்டும் என்பதும் இல்லை.

மரம் என்பது தாவரவியலில் ஒரு குடும்பமோ வரிசையோ அன்று. அது வளரும் வடிவம். உளுந்துச் செடியும் புளியமரமும் ஒரே குடும்பத்தில் இருக்கின்றன. பனைக் குடும்பத்துக்குள்ளும் அப்படித்தான்: பனை மரம், பிரம்பு கொடி, சதுப்புக் கழிமுகங்களில் வளரும் நீப்பாவின் தண்டோ சேற்றுக்குள் கிடைமட்டமாகப் படர்கிறது. கேம்பியத்தில் விளைந்த கட்டை இருந்தால்தான் மரம் என்று கறாராக வரையறுப்போர் பனையை அந்தப் பட்டியலிலிருந்து விலக்கலாம். அது அந்த வரையறையின் விருப்பம். அப்போதும் பனை மரமல்லாத பனையாகுமே தவிரப் புல்லாகாது.

இது வெறும் சொற்சண்டையாக நிற்பதில்லை. 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மரம் என்ற சொல்லுக்குள் பனைகளையும் மூங்கிலையும் பிரம்பையும் அடக்கியது. 2017இல் மூங்கில் மட்டும் அதிலிருந்து நீக்கப்பட்டது. வனத்துக்கு வெளியே மூங்கில் வளர்ப்போர் அதை வெட்டவும் கொண்டுசெல்லவும் இருந்த தடை அதனால் தளர்ந்தது. அந்தப் பட்டியலில் உண்மையான புல் மூங்கில் ஒன்றே. கோவாவில் 2016இல் தென்னை, மரங்களின் பட்டியலிலிருந்து விலக்கப்பட்டு, வெட்டுவதற்கான அனுமதிக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டபோது, தென்னை மரமே அல்ல என்ற இதே வாதம் எழுந்தது, எதிர்ப்பும் கிளம்பியது. மறு ஆண்டு பொறுப்பேற்ற அரசு தென்னையை மீண்டும் மரமாகச் சேர்க்கவும் மாநில மரமாக அறிவிக்கவும் முடிவெடுத்தது. இந்திய வனச் சட்டத்தில் பனைகள் இன்றும் மரங்களே.