முள் பச்சையில் நின்றால் சிலிண்டர் நிறைந்ததாகுமா?

சமையல் எரிவாயு சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்டும் மீட்டர் என்று சொல்லி ஒரு கருவியை விற்கிறார்கள். வால்வுக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் மாட்ட வேண்டும். பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறம், நடுவில் ஒரு முள். நம் வயதுக்காரர்கள் பலர் வாங்கி மாட்டியிருக்கிறார்கள். கசிந்தால் அடைத்துவிடும் என்று சொல்லி விற்பது தனிக் கதை. அதற்குள் நான் போகவில்லை. மிச்ச அளவைக் காட்டும் என்று சொல்வது மட்டும் பொய். முள் காட்டுவது அழுத்தம். நாம் தெரிந்துகொள்ள விரும்புவது எடை.

இது பள்ளிக்கூடப் பாடம்தான். பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு 'எக்ஸ்தான்சீவ்', 'அன்தான்சீவ்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். தமிழில் பொருண்மைசார் பண்பு, பொருண்மைசாராப் பண்பு என்கிறார்கள். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் எளிது. மூடிய அறையின் நடுவே ஒரு தடுப்பு வைத்தால், ஒவ்வொரு பக்கமும் காற்றின் எடை பாதி, கனஅளவு பாதி. அழுத்தமும் வெப்பநிலையும் பாதியாவதில்லை. இரு பக்கமும் முன்பிருந்தபடியே இருக்கும். முதல் இரண்டும் பொருளின் அளவைப் பொறுத்தவை, பின் இரண்டும் அப்படியல்ல. மாணவர்கள் இதை இரண்டு மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்த மறதியை நம்பித்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

"அப்படியானால் ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டரில் மட்டும் ஏன் மீட்டர் வைக்கிறார்கள்?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. அதில் இருப்பது முழுக்க வாயு. கனஅளவு மாறாத இரும்புக் கூட்டுக்குள், அதே வெப்பநிலையில், பாதி வாயு வெளியேறினால் அழுத்தமும் ஏறக்குறைய பாதியாகும். அங்கே முள்ளை நம்பலாம்.

சமையல் சிலிண்டரில் இருப்பது அழுத்தத்தால் திரவமாக்கப்பட்ட புரொப்பேன், பியூட்டேன் கலவை. மேலே உள்ள ஆவியை அடுப்பு இழுக்க இழுக்க, கீழே உள்ள திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். 14 கிலோ இருந்தாலும் 2 கிலோ இருந்தாலும், வெப்பநிலை மாறாதவரை, அழுத்தம் பெரிதாக மாறாது. திரவம் தீரும் தறுவாயில்தான் முள் சரியும். அப்போது அடுப்பே சொல்லிவிடும். மார்கழி விடியலில் சிலிண்டர் குளிர்ந்திருந்தால் நிறைய எரிவாயு இருக்கும்போதே முள் இறங்கும், சித்திரை வெயிலில் ஏறும். இது அரைகுறை வெப்பமானியே தவிர அளவுகோல் அல்ல. போதாக்குறைக்கு, கசிய வாய்ப்புள்ள ஓர் இணைப்பும் கூடுகிறது.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. எடை குறைவாக இருக்குமோ என்று நான் கேட்டபோது, சிலிண்டர் கொண்டுவந்தவர், "முள் பச்சையிலே நிக்குது பாருங்க சார், ஃபுல்லு" என்றார். 3 கிலோ குறைந்திருந்தாலும் முள் அங்கேதான் நிற்கும்.

சிலிண்டரின் கழுத்தருகே காலி எடை பொறிக்கப்பட்டிருக்கும். அது 15.8 என்றால், 14.2 சேர்த்து 30 கிலோ நிற்க வேண்டும். எடை போட்டுக் காட்டச் சொல்வது நம் உரிமை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இடையில் மிச்சம் அறிய, நம் வயதில் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள். திரவம் இல்லாத மேல்பகுதி சீக்கிரம் காயும், திரவம் உள்ள பகுதியில் ஈரம் தங்கும். அந்தக் கோடுதான் மிச்சம். பழைய வேட்டித் துண்டு ஒன்று போதும்.

நாம் பணம் கொடுப்பது கிலோவுக்கு. கிலோவைக் காட்டச் சொல்லுங்கள்.