சொல்லிவிட்டுப் போகவாவது விடுங்கள்

இரவுச் சாப்பாட்டு வேலையை முடித்துக்கொண்டு நாடகம் பார்க்க உட்காருகிறோம். திரையின் அடியில் ஒரு வரி வருகிறது: "இவருக்குப் பதில் இவர்." நேற்றுவரை பழகிய மனிதருக்கு இன்றைக்கு வேறு முகம், வேறு குரல். வீட்டிலுள்ள மற்றப் பாத்திரங்கள் ஒரு மாற்றமும் தெரியாதவர்களாகப் புதியவரை அதே பெயரால் அழைக்கிறார்கள். கதை நடந்துகொண்டே இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு மட்டும் மனம் ஒட்டுவதில்லை.

இன்னும் மோசமானது வரி கூட ஓடாமல் ஆளை மறைத்துவிடுவது. ஊருக்குப் போயிருக்கிறார், வெளிநாட்டில் வேலை கிடைத்துவிட்டது என்று யாரோ ஒருவர் ஒரு வசனம் சொல்வார். அதற்குப் பிறகு அந்தப் பெயரை எவரும் எடுக்கமாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் எங்கள் வீட்டுக்குள் வந்துபோன மனிதர் ஒரே வசனத்தில் இல்லாமல் போகிறார். ஒரு பாத்திரத்தை எடுப்பதும் வைப்பதும் எழுதுபவரின் உரிமை; அதில் எனக்கு வழக்கு இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் எடுப்பதுதான் பொறுக்கவில்லை.

2023 செப்டம்பர் 8ஆம் திகதியைத் திருகோணமலையில் நாடகம் பார்க்கிற எவரும் இலகுவில் மறக்கமாட்டார்கள். சன் தொலைக்காட்சியின் 'எதிர்நீச்சல்' நாடகத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நெஞ்சுவலி வந்து மாரிமுத்து அன்று காலமானார். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' படங்களை இயக்கியவர். 'பரியேறும் பெருமாள்' படத்தில் கதாநாயகியின் தகப்பனாக வந்தவர். ஆனாலும் அவரை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது 'எதிர்நீச்ச'லில் அவர் நடித்த ஆதி குணசேகரன் பாத்திரம்தான். வீட்டுப் பெண்களை வாயைத் திறக்க விடாத, படித்த மருமகளையும் அடுப்படிக்குள் அடைத்துவைக்கிற அந்த மனிதரை நாங்கள் வெறுத்தோம். வெறுத்துக்கொண்டே ஒவ்வொரு இரவும் காத்திருந்தோம். அவர் என்றைக்காவது தோற்கவேண்டும், அந்த வீட்டுப் பெண்களான ஈஸ்வரியும் ரேணுகாவும் நந்தினியும் ஜனனியும் தலை நிமிர்ந்து அந்த வாசலைத் தாண்டவேண்டும் என்பதற்காகவே காத்திருந்தோம். அந்தத் தோல்வியை அவருடைய முகத்தில் பார்க்கும் நாள் எங்களுக்கு வாய்க்கவில்லை.

சில வாரங்கள் குணசேகரன் இல்லாமலே கதை ஓடியது. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். 'குற்றப் பரம்பரை' எழுதியவர், நல்ல நடிகர். அவரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் அடுத்தநாள் காலை தண்ணீர் அள்ளும்போது கேட்ட பேச்சு இதுதான்: "இவர் எங்கட குணசேகரன் இல்லை." போனவருக்காக அழ நேரம் கொடுக்காமல் புதியவரைக் கொண்டுவந்து நிறுத்தியதில், வந்தவருக்கும் அநியாயம் நடந்தது. பாவம், அவர் நடிக்கத் தொடங்க முன்னமே சனம் அவரை ஒப்பிடத் தொடங்கிவிட்டது.

முல்லையின் கதை இதைவிடக் கொடுமை. விஜய் தொலைக்காட்சியில் 2018 ஒக்டோபரில் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' நாடகத்தில் கதிரின் மனைவி முல்லையாக வந்தவர் சித்ரா. விருப்பமில்லாமல் நடந்த கலியாணம், முகம் கொடுத்துப் பேசாத கணவன், பிறகு மெல்ல மெல்ல வந்த அன்பு. அந்த அன்பு வளர்ந்ததைத் திருகோணமலைப் பிள்ளைகள் தங்கள் சொந்த அக்காவின் வாழ்க்கையைப் பார்ப்பதைப்போலப் பார்த்தார்கள். 2020 டிசம்பர் 9ஆம் திகதி சித்ரா இறந்த செய்தி வந்தபோது பெருந்தொற்றுக் காலம். வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த சனத்துக்கு அது வீட்டுச் சாவாகவே இருந்தது. முல்லை பாத்திரம் காவ்யா அறிவுமணியிடம் போனது. 2022இல் அவரும் விலக, லாவண்யா வந்தார். ஒரே முல்லைக்கு மூன்று முகங்கள். கதிர் மட்டும் அதே கதிர். மனைவியின் முகம் இரண்டு தடவை மாறியும் அந்த வீட்டில் ஒருவருக்கும் அது தெரியவே இல்லை.

அதே நாடகத்தில் நான்கு அண்ணன் தம்பிகளின் தாய் லட்சுமி அம்மாவை 2021இல் சாகடித்தார்கள். ஷீலா நடித்த பாத்திரம். அந்தச் சாவு தேவையில்லை, அந்தக் கிழவி கடைசிவரை அந்த வீட்டில் இருந்திருக்கவேண்டும் என்று இன்றைக்கும் எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனாலும் அங்கே ஒரு செத்தவீடு நடந்தது. பிள்ளைகள் அழுதார்கள், மருமக்கள் அழுதார்கள், நாங்களும் கூட இருந்து அழுதோம். பிடிக்காத முடிவாக இருந்தாலும் எங்களை மதித்த முடிவு அது. முல்லைக்கும் குணசேகரனுக்கும் அதுகூடக் கிடைக்கவில்லை.

'சித்தி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இல் ராதிகா நடித்துத் தொடங்கிய அந்த நாடகத்தோடுதான் எங்களில் பலருக்கு இந்தப் பழக்கமே வந்தது. போர்க்காலம். பொழுது பட்டால் றோட்டில் இறங்க முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த கதை அது. இருபது வருடம் கழித்து 2020இல் 'சித்தி 2' வந்தபோது பழைய சிநேகிதி திரும்பி வந்த சந்தோஷம் எங்களுக்கு. ஒரு வருடம் கடந்ததும், 2021 பெப்ரவரியில், ராதிகா விலகிவிட்டார். நாடகம் அதே பெயரோடு இன்னும் சில மாதங்கள் ஓடியது. சித்தி இல்லாத 'சித்தி'யை யாருக்காக ஓட்டினார்கள்?

'எதிர்நீச்ச'லின் இரண்டாம் பாகம் 2024 டிசம்பரில் தொடங்கியபோது ஜனனியும் மாறிவிட்டாள். மதுமிதாவின் இடத்தில் பார்வதி. முதல் பாகம் முழுக்க அந்த வீட்டை எதிர்த்து நின்ற பெண்ணே ஜனனிதான். அவளையும் மாற்றினால் கதையில் நாங்கள் யாருடைய கையைப் பிடித்துக்கொண்டு போவது? அடுத்த மாதமே 'அய்யனார் துணை' நாடகத்தில் பழைய ஜனனி நிலாவாக வந்தாள். ஒரு அலைவரிசையில் புது முகத்தோடு ஜனனி, இன்னொன்றில் ஜனனியின் முகத்தோடு நிலா. எங்கள் வீட்டில் வயதானவர்கள் உண்மையாகவே குழம்பிப்போனார்கள்.

காரணங்கள் எனக்கும் விளங்கும். தினசரி நாடகத்தில் நடிகர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஓய்வில்லாமல் நடிக்கிறார்கள். சினிமா வாய்ப்பு வரும், கலியாணம் நடக்கும், பிள்ளை பிறக்கும், உடம்புக்கு முடியாமல் போகும், சம்பளத்தில் பிணக்கு வரும். அவர்களை யாரும் கட்டிவைக்க முடியாது, கட்டிவைக்கவும் கூடாது. ஒளிபரப்பும் ஒருநாள்கூட நிற்க முடியாது, விளம்பரக்காரன் காத்திருக்கமாட்டான். ஆள் மாறத்தான் செய்யும். சாவு வந்தால் அதற்கு எவரும் பொறுப்பில்லை.

ஆனால் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வாராவாரம் வருகிற பார்வையாளர் கணக்கு. அந்தக் கணக்கை எடுக்கும் பெட்டிகள் இந்தியாவின் வீடுகளில்தான் இருக்கின்றன. உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் தம்பலகாமத்திலும் எத்தனை வீட்டில் எந்த நாடகம் ஓடுகிறது என்பது சென்னைக்குத் தெரியாது. சென்னைக்கும் எங்களுக்கும் கடிகாரம் ஒன்று, மொழி ஒன்று, அழுகை ஒன்று. கணக்கில் மட்டும் நாங்கள் இல்லை. எங்களுக்குப் பிடித்த ஒருவரைக் கதையிலிருந்து தூக்கினால் "ஏன்?" என்று கேட்க எங்களுக்கு ஒரு வாசலும் கிடையாது.

இங்கே யார் பார்க்கிறார்கள் என்று ஒருதரம் யோசித்துப் பாருங்கள். இரவில் கடலுக்குப் போன மனிசன் விடியத்தான் கரைக்கு வருவான். அதுவரை நித்திரை வராத பெண் பார்க்கிறாள். புருஷன் கட்டாரில், மகன் லண்டனில், வீட்டில் தனியாக இருக்கிற தாய் பார்க்கிறாள். சீனக்குடா மா ஆலையில் இரவு வேலைக்குப் போனவரின் வீட்டில் பார்க்கிறார்கள். கிண்ணியாவில் உம்மாவும் மருமகளும் ஒன்றாக இருந்து பார்க்கிறார்கள். பொருளாதார நெருக்கடியில், 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். காஸ் இல்லை, மண்ணெண்ணெய் வரிசை. அந்த நாட்களில்கூட, விடுபட்ட பகுதியில் என்ன நடந்தது என்று வேலிக்கு மேலால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். 'எதிர்நீச்சல்' தொடங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பசியோடும் இருட்டோடும் இருந்த சனத்துக்குத் துணையாக இருந்தவர்கள் அந்தப் பாத்திரங்கள். பொழுதுபோக்குத்தானே என்று சொல்லி இதைத் தள்ளிவிடாதீர்கள்.

பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்வது எங்களுக்குப் புதிதும் அல்ல. இலங்கை வானொலியில் 'கோமாளிகள் கும்மாளம்' போன காலத்து மனிதர்களைக் கேளுங்கள். ராமதாஸ் கடைசிவரை 'மரிக்கார்' ராமதாஸ்; ராஜகோபால் 'அப்புக்குட்டி' ராஜகோபால்; செல்வசேகரன் 'உபாலி' செல்வசேகரன். பாத்திரத்தின் பெயரை நடிகரின் பெயருக்கு முன்னால் போட்டு ஆயுள் முழுக்கக் கூப்பிட்ட நாடு இது. முகமே தெரியாத குரலுக்கு இவ்வளவு இடம் கொடுத்த சனம், முகம் தெரிந்த முல்லையை எப்படி ஒரே இரவில் மறக்கும்?

சனம் கேட்டால் எழுதுபவர்கள் இறங்கி வந்ததும் உண்டு. ஷெர்லொக் ஹோம்ஸை 1893இல் சாகடித்த கொனன் டொயில், வாசகர்கள் விடாமல் கேட்டதால் பத்து வருடம் கழித்து அவரை உயிரோடு கொண்டுவந்தார். வட இந்தியாவில் 'கியூங்கி சாஸ் பி கபி பஹூ தி' நாடகத்தில் கதாநாயகன் மிஹிரைச் சாகடித்தபோது எழுந்த கூக்குரலில் மிஹிர் திரும்பி வந்தார். அமெரிக்காவின் 'டல்லஸ்' நாடகத்தில் 1985இல் செத்த பொபி அடுத்த வருடம் திரும்பினான்; இடையில் நடந்த ஒரு வருடக் கதை முழுவதும் அவனுடைய முன்னாள் மனைவி கண்ட கனவு என்றார்கள். செத்தவரை எழுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்படி எழுப்புவதும் பார்ப்பவரை ஏமாற்றுவதுதான்.

நான் கேட்பது அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' செய்ததை. சின்னப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. அதில் கடைக்காரர் ஹூப்பராக வந்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். வேறு ஆளைப் போடவில்லை. ஊரை விட்டுப் போய்விட்டார் என்று பொய்யும் சொல்லவில்லை. பிள்ளைகளின் மனம் அறிந்தவர்களிடம் ஆலோசனை கேட்டு, 1983 நவம்பர் 24ஆம் திகதி, ஹூப்பர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அந்தத் தெருவில் இருந்த பெரியவர்கள் கண்கலங்கினார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு உண்மையைச் சொல்லலாம் என்றால், அறுபது வயதுத் தாய்க்கு ஏன் சொல்லக்கூடாது?

இந்த மாவட்டத்தில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். கூட்டிக்கொண்டு போன பிள்ளை எங்கே என்று கேட்டு 2017 மார்ச்சில் திருகோணமலையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் உட்கார்ந்தார்கள். பதில் கிடைக்காமலே அவர்களில் சிலர் கண்ணை மூடிவிட்டார்கள். அந்தத் துயரத்தோடு நாடகத்தை நான் ஒருநாளும் சமன்படுத்தமாட்டேன், அது பாவம். ஆனால் ஒருவர் திடீரென்று இல்லாமல் போவதும், மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசாமல் நாளை நகர்த்துவதும் என்னவென்று இங்கே பல வீடுகளுக்குத் தெரியும். அந்த வீடுகளின் கூடத்துக்குள்தான் உங்கள் நாடகம் ஓடுகிறது. ஒரு பாத்திரத்தின் பெயரைக் கதையிலிருந்து துடைக்கும்போது, பார்த்துக்கொண்டிருப்பவர் யார் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நாடகம் எழுதுபவர்களிடமும் எடுப்பவர்களிடமும் நான் கேட்பவை பெரிய செலவான காரியங்கள் அல்ல. நடிகர் விலகினால், முதல் நாளே ஒரு நிமிடம் ஒதுக்கி, இவர் இனி வரமாட்டார், இத்தனை காலம் எங்களோடு இருந்தார், நன்றி என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நடிகர் இறந்துவிட்டால், அந்தப் பாத்திரத்தையும் கதைக்குள் மரியாதையோடு அனுப்பிவையுங்கள், வீட்டாரை அழவிடுங்கள், சுவரில் ஒரு படம் மாட்டுங்கள், நல்லநாள் பெருநாளில் அவருடைய பெயரை யாராவது ஒருவர் எடுக்கட்டும். கதைக்கு அவர் தேவைதான் என்றால், புதியவரைக் கொண்டுவர முன் எங்களுக்கும் சில நாள் அவகாசம் கொடுங்கள்.

பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பதிலுக்கு வந்த பிள்ளையைத் திட்டாதீர்கள். காவ்யாவும் லாவண்யாவும் முல்லையை எங்களிடமிருந்து பறித்தவர்கள் அல்லர். கோபம் இருந்தால் அது எங்களைப் பொருட்படுத்தாத வழக்கத்தின் மேல் இருக்கட்டும். அந்த வழக்கம் மாறும்வரை நாங்கள் கேட்டுக்கொண்டே இருப்போம்: ஆளை எடுப்பதென்றால் எடுங்கள், ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள்.