அடுப்பும் ஓர் அமானிதம்

 

1855ஆம் ஆண்டு. கிரிமியாப் போர் நடந்துகொண்டிருந்த காலம். இஸ்தான்புல் நகரின் உஸ்குதார் பகுதியிலுள்ள செலிமிய்யா பாசறை, பிரிட்டிஷ் படையினரின் மருத்துவமனையாக இயங்கிற்று. நோயாளிகளுக்குரிய இறைச்சித் துண்டுகளில் அடையாளத்திற்காகக் கந்தலையும் பொத்தானையும் கட்டி, ஒரே கொப்பரையில் வேகவைத்தனர். சத்துள்ள சாற்றைக் கீழே கொட்டியதும் உண்டு.

லண்டனிலிருந்து தாமே முன்வந்து அங்குச் சென்ற அலெக்ஸி சோயர் என்னும் பிரெஞ்சுச் சமையற்கலைஞர் இந்நிலையை மாற்றினார். அவர் வகுத்த அடுப்பு மிக எளியது. இரும்பு உருளையின் அடியில் நெருப்பு, அதன்மேல் கொப்பரை, மூடி, புகைக்குழாய். ஓரடுப்பில் ஏறத்தாழ 50 பேருக்கு உணவு ஆயிற்று. அனல் வெளியே சிதறாததால் விறகு மிஞ்சியது, இடமும் மிஞ்சியது. பிரிட்டிஷ் இராணுவம் நூறாண்டுகளுக்கும் மேலாக அதனைப் பயன்படுத்தியது.

இனி நம் பள்ளிவாசலுக்கு வருவோம். ரமளானில் நமக்காக நோன்புக் கஞ்சி காய்ச்சும் சகோதரரும் நோன்பாளிதாமே! லுஹர் முதல் அஸர் வரை, திறந்த அடுப்பின் புகையில் நின்று அவர் கிண்டுகிறார். பாதி அனல் பக்கவாட்டில் வீணாகிறது. புது அடுப்புக் கேட்டால், "இடமில்லை" என்கிறோம். பழைய அடுப்பின் இடமே போதுமன்றோ?

நோன்பாளிக்கு உணவளிக்கும் நன்மையை நாடும் நாம், அவருடைய கண்ணீருக்கும் பொறுப்பாளிகளே. ஷஅபானிலேயே உங்கள் முஹல்லாவின் அடுப்படியைச் சென்று பாருங்கள். சிறிது நேரம் அங்கு நின்றும் பாருங்கள்!