சாதிக்கு ஊமை, சர்டிபிகேட்டுக்கு வாய்

கொடும்பாளூரில் மூவர் கோயிலுக்குப் போகிற ரோட்டில் ஒரு தம்பி என்னை மறித்துக் கேட்டான்: "அண்ணே, சர்டிபிகேட்டுல இந்துன்னு எழுதினா பாவமா? பூசையில சாமியார் பொய்சாட்சின்னு சொல்லிட்டாரு. அப்பா எழுதச் சொல்றாரு. தூக்கம் வரல."

வேதத்தில் தாசில்தார் ஆபீஸ் இல்லை. வேதம் சொல்லாத இடத்தில் அவரவர் மனசாட்சி என்பார்கள். சரி. அந்த மனசாட்சி யாருக்கெல்லாம் கிடைக்குது என்பதுதான் என் கேள்வி.

1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சாவூர் வேளாளக் கிறித்தவர்கள் கொதித்தார்கள். சாதி மதச் சமாச்சாரமில்லையாம், உலக வழக்கமாம். பின்னால் வந்த லைப்சிக் மிஷன்காரர்களும் கிட்டத்தட்ட அதையே சொன்னார்கள். வேதம் மௌனமாம்! அந்தியோகியாவில் புறஇனத்தாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, யூதர் சிலர் வந்ததும் பந்தியை விட்டு நழுவினார். பவுல் எல்லார் முன்னாலும் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் இரண்டாம் அதிகாரம். தனிப்பந்தி, தனிபெஞ்சு, தனிக்கல்லறை பற்றி இதைவிட என்னய்யா பேச வேண்டும் வேதம்? பேசிய இடத்தில் அதை ஊமையாக்கினார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவனுக்குக் குறுக்கேயும் சுவர் எழுப்பினார்கள். அது வழக்கம். தம்பியின் சர்டிபிகேட் மட்டும் பொய்சாட்சி.

அவனைப் பொய் சொல்ல வைத்தது எது? 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி. இந்து அல்லாதவன் அட்டவணைச் சாதியில்லை என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு, கிறித்தவனுக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியை நீக்கச் சொல்லியும் நீக்கவில்லை. தமிழ்நாட்டில் நமக்கு பி.சி. ஞானஸ்நானத் தண்ணி பட்டதும் சேரி ஊருக்குள்ள வந்துருச்சா? 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறித்தவனாக வாழ்ந்துகொண்டு இந்து என்று சலுகை கேட்பது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. யார் செய்த மோசடி?

ஆனாலும் "கண்ணை மூடிக்கிட்டு எழுது" என்று நான் சொல்லவில்லை. இந்து என்று எழுதுகிறவன் கணக்கில் காணாமல் போகிறான். தலித் கிறித்தவர் எத்தனை பேர் என்று நாளைக்குக் கேட்டால் காட்ட ஆளிருக்காது. நான் கிறித்தவன் என்றே எழுதி, பி.சி. வரிசையில் நின்று தோற்றவன். அதற்காக மாற்றி எழுதியவன் மேல் கல்லெறிய மாட்டேன். படையல் இறைச்சி விசயத்தில் மனசாட்சி பற்றிப் பேசிய பவுல், பலவீனமான சகோதரன் இடறிவிடக் கூடாதே என்றுதான் கவலைப்பட்டார். இங்கே இடறுகல்லைப் போட்டவர்களே பிரசங்கமும் வைக்கிறார்கள்.

"சாமியார்கிட்டயே போய்க் கேளு தம்பி. ஆகஸ்ட் 10 கறுப்பு நாள்னு துணி கட்டுறீங்களே, நம்ம கல்லறைச் சுவருக்கு எப்பக் கடப்பாறை எடுப்பீங்கன்னு கேளு. அவர் பதில் சொன்னப்புறம் நீ உன் பதிலை எழுது."

திங்கட்கிழமை கடைசித் தேதி என்றான்.