அது வெறும் 'பக்' கதை இல்லை தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

'மிஸ்டர் பேட்ஸ் வெர்சஸ் த போஸ்ட் ஆபீஸ்' என்ற இங்கிலாந்து டிவி தொடரைப் பாருங்கள் என்று போன வாரம் நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர்கள் குழுவிலும் போட்டிருந்தேன். நாலே பகுதிதான். "தபால் ஆபீஸ் கணக்கை யார் சித்தி உட்கார்ந்து பார்ப்பாங்க?" என்று ஒரு பதில். "கொலை கிலை உண்டா?" என்று இன்னொன்று. இவற்றை விட்டுவிடலாம். ஆயிரம் எபிசோடுக்கு மாமியார் முறைப்பதைப் பார்க்கப் பொறுமை இருப்பவர்களுக்கு நாலு பகுதி பார்க்கப் பொறுமை இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருக்கும் என் மாணவன் எழுதியதை விட முடியவில்லை. "பார்த்தேன் டீச்சர். சாதாரண பக். டெஸ்டிங் ஒழுங்கா பண்ணியிருந்தா நடந்திருக்காது. இதுக்குப் போய் ஒரு டிராமாவா?" அதற்குக் கீழே உங்களில் பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள்.

பார்த்துவிட்டுமா இப்படிச் சொல்கிறாய் தம்பி?

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். நடந்த கதைதான். இங்கிலாந்தில் பெரும்பாலான கிராமத்துத் தபால் நிலையங்களை நடத்துபவர்கள் நம் ஊர் போஸ்ட் மாஸ்டர் மாதிரி அரசு ஊழியர்கள் இல்லை. ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, தங்கள் கடையின் ஒரு மூலையில் கவுன்டர் வைத்து நடத்துபவர்கள். அரசுக்குச் சொந்தமான போஸ்ட் ஆபீஸ் நிறுவனம் 1999 முதல் அவர்களுக்கு 'ஹொரைஸன்' என்ற கம்ப்யூட்டர் கணக்கு முறையைக் கொடுத்தது. செய்து கொடுத்தது ஃபுஜிட்ஸு. அதில் பிழைகள் இருந்தன. கல்லாவில் இருக்கும் பணத்துக்கும் திரையில் வரும் தொகைக்கும் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வந்தது. வித்தியாசம் வந்தால் கடைக்காரர் கைக்காசைப் போட்டுச் சரிக்கட்ட வேண்டும். முடியாதவர்கள் மேல் திருட்டு வழக்கு, பொய்க்கணக்கு வழக்கு. இந்தக் கணக்கை நம்பித் தண்டிக்கப்பட்டவர்கள் 900க்கும் மேல்.

இதுவரை உன் 'பக்' என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனிதன் செய்த எதிலும் பிழை இருக்கும். இனிமேல் நடந்ததைப் பார்.

ஹாம்ப்ஷயர் பக்கம் ஒரு சின்ன கிராமத்தில் ஜோ ஹாமில்டன் என்ற பெண்மணி. இரண்டாயிரம் பவுண்டுக்கு மேல் குறைகிறது என்று உதவி எண்ணுக்குப் போன் செய்கிறார். அவர்கள் சொல்லச் சொல்ல பொத்தானை அழுத்துகிறார். அவர் கண் முன்னாலேயே குறை இரண்டு மடங்காகிறது! நடிகை மோனிகா டோலனின் முகத்தை அந்த இடத்தில் பாருங்கள். கத்தவில்லை, அழவில்லை. தன் மேலேயே சந்தேகம் வருகிறது, "நாம்தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோமோ" என்று. அந்த முகத்தை நான் கரும்பலகைக்கு முன்னால் நிறைய தடவை பார்த்திருக்கிறேன்.

பிரிட்லிங்டன் ஊரில் லீ காஸில்டன். உதவி எண்ணுக்கு 91 முறை போன் செய்தவர். சுமார் 25 ஆயிரம் பவுண்டு குறைக்காக அவர் மேல் சிவில் வழக்கு போட்டு, வக்கீல் வைக்க வசதியில்லாமல் தானே வாதாடிய மனிதரைத் தோற்கடித்து, வழக்குச் செலவு 3,21,000 பவுண்டையும் அவர் தலையில் கட்டினார்கள். திவாலானார். வேல்ஸில் நோயல் தாமஸ் என்பவர் தன் அறுபதாவது பிறந்தநாளைச் சிறையில் கழித்தார். சீமா மிஸ்ரா என்ற நம் நாட்டுப் பெண் 2010இல் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாவது பிறந்தநாள்.

இவர்கள் போன் செய்தபோதெல்லாம் கிடைத்த பதில், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை. வேறு யாருக்கும் வரவில்லை." இது பக் இல்லை தம்பி, பொய். ஒரே பொய்யை நூற்றுக்கணக்கான பேருக்குத் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரருக்குத் தெரியாமல் வெளியிலிருந்து கணக்கில் கை வைக்க முடியாது என்றும் பல வருடம் சாதித்தார்கள். ஃபுஜிட்ஸு ஆட்களால் முடிந்தது. இது எந்த டெஸ்டிங்கில் பிடிபடும்?

இன்னொன்று. குற்றம் சுமத்தியதும், விசாரித்ததும், வழக்கு நடத்தியதும் பெரும்பாலும் ஒரே போஸ்ட் ஆபீஸ்தான். அந்த நாட்டில் நிறுவனங்களே குற்றவழக்கு தொடரலாம். முன்பெல்லாம் கம்ப்யூட்டர் ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டினால்தான் அதன் பதிவைக் கோர்ட்டில் சாட்சியமாக ஏற்பார்கள். அந்த விதியை 1999இல் சட்டம் போட்டு நீக்கிவிட்டார்கள். அதன்பிறகு, தப்பு என்று யாராவது காட்டும்வரை கம்ப்யூட்டர் சொல்வது சரி. ஹொரைஸன் வந்ததும் அதே வருடம்தான். பிழையைக் காட்டத் தேவையான தகவல் முழுக்க யார் கையில் இருந்தது? கிராமத்துக் கடைக்காரர் கையிலா?

"நோட்டு பொய் சொல்லுமா?" என்று நானும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். ஏழாம் வகுப்பு, சுற்றுலாவுக்குத் தலைக்கு முப்பது ரூபாய். ஒரு பையன் கொடுத்துவிட்டேன் என்கிறான், என் நோட்டில் அவன் பெயருக்கு நேரே டிக் இல்லை. வகுப்பு முன்னால் நிறுத்தி அப்படிக் கேட்டேன். அவன் அம்மா மறுபடி முப்பது ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். சுற்றுலா முடிந்து கணக்குப் பார்த்தால் பையில் முப்பது ரூபாய் அதிகம். அந்த அம்மாவைப் பள்ளி வாசலில் தனியாகப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். கேட்டது நாற்பது பிள்ளைகள் முன்னால், கொடுத்தது வாசலில். "தப்பு என்னுடையது" என்று வகுப்பில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது ரூபாய்க்கே அப்படி. அந்தப் பிள்ளை இந்தக் குழுவில்தான் இருக்கிறான். தப்பு என்னுடையதுதான் அப்பா.

அதனால்தான் ஆலன் பேட்ஸைப் பார்க்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது. வேல்ஸில் லாண்டட்னோ பக்கம் கடை வைத்திருந்தவர். குறையைக் கட்ட மாட்டேன், எப்படி வந்தது என்று காட்டு என்றார். 2003இல் ஒப்பந்தத்தைப் பிடுங்கினார்கள். டோபி ஜோன்ஸ் அந்த மனிதராகவே இருக்கிறார். மேஜையைத் தட்டவில்லை, நீள வசனமும் பேசவில்லை. கடிதம் எழுதுகிறார், கோப்பு அடுக்குகிறார். 2009இல் ஒரு கிராமத்து மண்டபத்தில், தான் மட்டும்தான் என்று நினைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் முதல்முறை பார்க்கிறார்கள். நான் தொடரை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்த இடம் அது.

555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டு 2019இல் ஜெயித்தார்கள். கிட்டத்தட்ட 58 மில்லியன் பவுண்டு சமரசத் தொகை. செலவு போக அவர்களுக்கு மிஞ்சியது 12 மில்லியன் அளவுதான்.

"டிராமா எதற்கு?" என்றாயே. 'கம்ப்யூட்டர் வீக்லி' பத்திரிகை 2009லேயே இதை எழுதிவிட்டது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரே நாளில் 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. பொது விசாரணை நடந்துகொண்டிருந்தது. நாடு தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தொடர் 2024 ஜனவரி 1 முதல் 4 வரை, நாலு இரவு ஓடியது. 10ஆம் தேதி பிரதமர் எழுந்து, தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யச் சட்டம் கொண்டுவருவோம் என்றார். மே மாதம் சட்டம் வந்துவிட்டது. போஸ்ட் ஆபீஸின் முன்னாள் தலைவி பவுலா வெனல்ஸ், பத்து லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தபிறகு, தனக்குக் கொடுத்த அரச விருதைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். க்வினெத் ஹ்யூஸ் என்ற பெண் எழுதிய நாலு பகுதி செய்த வேலை இது.

எனக்கும் ஒரு குறை உண்டு. ஃபுஜிட்ஸுவின் உள்ளே நடந்ததை இன்னும் காட்டியிருக்கலாம். பிழை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு மாதச் சம்பளம் வாங்கிய இன்ஜினியர்களைப் பார்க்க எனக்கு ஆசை. ஒருவேளை அதைக் காட்டியிருந்தால் நீயும் 'சாதாரண பக்' என்று எழுதியிருக்க மாட்டாய்.

2025இல் விசாரணை அறிக்கையின் முதல் பாகம் வந்தது. குறைந்தது 13 பேர் இதனால் தற்கொலை செய்துகொண்டிருக்கலாம் என்கிறது.

கட்டைவிரல் காட்டிய பதினைந்து பேரும் ஆங்கில எழுத்தை ஓடவிட்டு முதல் பகுதியை மட்டுமாவது பாருங்கள். உச்சரிப்பு முதலில் பிடிபடாது, பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

தம்பி, உனக்கு வீட்டுப்பாடம் ஒன்று. உங்கள் கம்பெனி செய்த புரோகிராமை வைத்து எங்கோ ஒரு சின்ன ஊரில் ஒரு பெண் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறாள். "திரையில் வருவது தப்பு, நான் எடுக்கவில்லை" என்று போன் செய்கிறாள். எடுப்பவர் அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று உங்கள் ஆபீஸில் எழுதி வைத்திருக்கிறீர்கள்? அதை இங்கே கமென்ட்டில் எழுது.